லெந்து காலத்துக்கு நான் தெரிந்தெடுத்த ஆள்

மார்ச் 6, வியாழன்

காலையிலேயே வெயில். மிளகாய் காயப் போட்டாயிற்று. மகள் ஷாமினி இடியப்பம் நான்கு சாப்பிட்டாள், வாந்தி இல்லை. கர்த்தருக்குத் தோத்திரம்.

நேற்றுச் சாம்பல் புதன் ஆராதனை. போதகர் ஐயா புதிதாக ஒன்று சொன்னார். லெந்து நாற்பது நாளும் நோன்பாக இறைச்சி விடுவது, சீனி விடுவதெல்லாம் போதாதாம். ஒவ்வொருவரும் தனக்கு எரிச்சல் தருகிற அந்நியர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவரிடம் பொறுமையாக, அன்பாக நடக்க வேண்டும். "சொந்தக்காரரக் கணக்கில சேர்க்க வேணாம், அவங்களப் பொறுக்கிறது ஏற்கனவே நம்மட தலையில எழுதினது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மாதர் சங்கத் தலைவி டெய்சி அக்கா, பஸ்ஸில் தன் தோளில் தூங்கி விழும் ஒரு மனுசனைத் தெரிந்தெடுத்தாளாம். எனக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை. பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறது ஒன்று.

பெயர் யோகா. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரை, படுவான்கரைப் பக்கம். புருசன் கிடைத்த கூலி வேலைக்குப் போகிறான். கையில் பச்சைப் பிள்ளை, பெண். இன்னும் பத்து நாள்கூட இராது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரிகிறாள். தாய் இல்லையா, சகோதரி இல்லையா, பார்க்க ஒருத்தருமா இல்லை? ஊரை விட்டு ஓடி வந்த கதை ஏதோ இருக்கிறது.

வந்த நாளிலிருந்து எங்கள் வாசற்படலையில்தான். "மாமி! மாமியோ!" யாருக்கு நான் மாமி?

மார்ச் 8, சனி

யோகா வந்து கேட்டவை, இன்று மட்டும்: உப்பு. நெருப்புப் பெட்டி. என் போன் ("ஒரு நிமிசம் மாமி", கதைத்தது நல்ல கால் மணித்தியாலம்). பிழியத் தேசிக்காய் ஒன்று. பின்னேரம் திரும்பவும் வந்து அம்மியில் அரைத்துத் தரச் சொல்லி உள்ளிப்பூண்டு, மிளகு.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டு கொடுத்தேன்.

உப்பையும் தேசிக்காயையும் விடலாம். எனக்குப் பிடிக்காதது அந்தக் கண். ஷாமினி விறாந்தையில் கால் நீட்டியிருந்தாள். இவள் வந்தவுடன் அவள் வயிற்றைத்தான் பார்க்கிறாள்.

"எத்தின மாசம் அக்கா?"

நான் வாய் திறக்குமுன் ஷாமினி சொல்லிவிட்டாள். "ஆறு முடியப் போகுது."

"முதல் புள்ளயா?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இரண்டு போய் மூன்றாவது இது. இரண்டும் நான்காம் மாதத்தோடு. அதை ஊருக்குப் படிக்க வேண்டுமா? என் மகள் படித்தாள். முன்பின் தெரியாதவளிடம், ஒன்றும் விடாமல். யோகா கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஷாமினியின் வயிற்றில் கையை வைத்துவிட்டுப் போனாள். வைத்தே விட்டாள்!

தபாற்கந்தோர் கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்தவள் நான். பென்சன் எடுக்கச் செத்தவரின் கார்டோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைத் துடைக்கிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை.

கண்ணூறு என்பதெல்லாம் நமக்கு இல்லை. தெரியும். ஆனாலும் படுக்கப் போகுமுன் ஷாமினியின் நெற்றியில் எண்ணெய் தொட்டு ஜெபித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கிளினிக் நாள். ஷாமினிக்கு பிரஷர் கொஞ்சம் கூட. பயப்பட ஒன்றும் இல்லை, உப்பைக் குறையுங்க, ஓய்வு எடுங்க என்றார்கள். போன மாதம் சரியாக இருந்தது. இந்த ஒரு கிழமைக்குள் என்ன புதிதாக நடந்தது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவன் போனில் சத்தமாக வீடியோ பார்த்தான், களுவாஞ்சிக்குடியிலிருந்து நாங்கள் இறங்கும் ஹோல்ட் வரை. ஏசினேன். அவன் நான் தெரிந்தெடுத்த ஆள் இல்லை.

டெய்சி அக்காவும் அதே பஸ்ஸில். யோகாவைப் பற்றிச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்கா?" என்றாள்.

"படுவான்கரையாம்."

"ஐயோ ரூபி. கவனம்கா. மந்திரம் போட்டு மனிசரப் பாயோட ஒட்ட வெக்கிற ஆக்கள். உண்ட புள்ள இரிக்கிற நிலமைக்கு வாசல்படி ஏற விடாத."

மட்டக்களப்பார் எங்கள் எல்லோரையும் பற்றி யாழ்ப்பாணத்தார் இதைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் அக்கரையைக் காட்டுகிறோம். அக்கரையார் யாரைக் காட்டுகிறார்களோ. அது எனக்கும் தெரியும். ஆனாலும் டெய்சி அக்கா சொன்னது மனதில் இறங்கிவிட்டது, எடுக்க முடியவில்லை.

கவனிக்க: உள்ளே விடாதிருத்தல். ஷாமினியின் உடுப்பை வெளிக்கொடியில் போடாதிருத்தல். சீப்பில் தலைமயிர் சிக்கினால் எரித்துவிடுதல்.

எழுதிவிட்டு வாசித்துப் பார்க்கிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் எழுதினதா இது?

மார்ச் 14, வெள்ளி

மாதர் சங்கக் கூட்டம். லெந்து அனுபவம் சொல்ல எழுப்பினார்கள். எழுந்தேன். பின்வீட்டுப் பிள்ளை, தாய்வீடு இல்லாதது, வந்து கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்லாமல் கொடுக்கிறேன், அரிசிகூடக் கொடுத்தேன், குழந்தைக்கு என் பழைய சாரியில் அணைதுணி கிழித்துக் கொடுத்தேன் என்றேன். நடந்ததுதான், பொய் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று பேர் கண் கலங்கினார்கள். டெய்சி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே "தோத்திரம்" என்றாள்.

அரிசி ஏன் கொடுத்தேன் என்பதைச் சொல்லவில்லை. கொடுக்கப் போனால்தான் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். என்ன வைத்திருக்கிறாள், யார் வந்து போகிறார்கள். பார்த்தேன். ஒரு பாய், ஒரு அடுப்பு, பிள்ளையார் படம் ஒன்று. மூலையில் தகரப் பேணியொன்று, மூடி கட்டி. அது என்ன?

வீடு முழுக்கச் சீமெந்து. முற்றமும் சீமெந்து. வீட்டுக்காரன் புல் முளைக்கக்கூட இடம் விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலால் வந்து படலை திறந்தால், யோகா எங்கள் பின்வளவில். பலா மரத்தடியில் குந்தியிருக்கிறாள். பிள்ளையை ஏணையாகக் கட்டித் தோளில் போட்டிருக்கிறாள். என்னைக் கண்டவுடன் எழும்பிக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"என்ன புள்ள இஞ்ச?"

"பலா இல பொறுக்க வந்தன் மாமி. கஞ்சி குடிக்க."

கையில் இலை இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஷாமினி யன்னலுக்குள்ளால், "நான்தான் அம்மா எடுக்கச் சொன்னன்" என்றாள். அவசரமாகச் சொன்னாள். என் மகள் பொய் சொல்லும்போது காது சிவக்கும். சிவந்திருந்தது. அவளையும் மயக்கி வைத்திருக்கிறாளா இவள்?

பொறுமை. பொறுமை. சிரித்து அனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

ஷாமினி குளிக்கப் போன நேரம் பலா மரத்தடிக்குப் போனேன். வேருக்குப் பக்கத்தில் மண் புதிது. மேலே கல்லொன்று வைத்து, தண்ணீரும் ஊற்றியிருந்தது. கல்லைத் தூக்கிவிட்டு மண்வெட்டியால் கிண்டினேன். ஒரு சாண்கூட இல்லை. சிரட்டை. சிரட்டைக்குள் வெள்ளைத் துணி முடிச்சு, மஞ்சள் நூலால் சுற்றி. கூட ஒரு மஞ்சள் துண்டு, கொஞ்சம் நெல்.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினேன்.

துணி எனக்குத் தெரிந்தது. நான் கிழித்துக் கொடுத்த சாரி.

அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் கட்டினது வெளியே வந்து கிட்ட நிற்கிறவரைப் பிடிக்கும் என்பார்கள். சின்ன வயதில் கேட்டது. நம்பாதவள் அவிழ்த்திருக்கலாம்தானே? தொட முடியவில்லை. வாழையிலைத் துண்டால் எடுத்துப் பையில் போட்டேன். குழியை மூடி, கல்லையும் இருந்த மாதிரியே வைத்தேன். பிறகு வாவிக்கரைக்கு நடந்தேன். பட்டப்பகல். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்னக்கா, மீனுக்கா?" என்றார். ஓம் என்றேன்.

மனதுக்குள் சங்கீதம் சொல்லிக்கொண்டே எறிந்தேன். முதல் தரம் பிழைவிட்டு, திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சங்கீதமும் சொல்லி, ஊரார் சொல்கிறபடி திரும்பிப் பார்க்காமலும் வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டு பக்கமும் காப்பு.

வந்து தலை முழுகினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. போதகரிடம் சொன்னால் நம்பினதற்கு ஏசுவார். டெய்சி அக்காவிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் கல்முனை வரை போய்விடும்.

அவளைத் துரத்த வேண்டும். எப்படி?

மார்ச் 18, செவ்வாய்

ஷாமினி நன்றாகத் தூங்கினாள். கால் வீக்கமும் குறைவு. பார்த்தீர்களா என்று சொல்ல ஆள் இல்லை.

யோகா வந்தாள். சீனி. கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, காட்டினால் வேறு எதையாவது செய்வாள். போகும்போது கேட்கிறாள்: "மாமி, வெயில் கூடிற்று. அந்தப் பலாவுக்கு ஒரு வாளி தண்ணி ஊத்திட்டுப் போகட்டா?"

பலா மரத்தில் என்னடி உனக்கு அவ்வளவு கரிசனை?

ஊற்றினாள். பிள்ளை ஒரு கையில், வாளி மறு கையில். நான் குசினிக்குள் நின்று பார்த்தேன். ஊற்றிவிட்டுக் கல்லை ஒருக்கால் தொட்டாள். அங்கே ஒன்றும் இல்லையடி என்று நினைத்துக்கொண்டேன். சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று என் உயிர் போய் வந்தது.

நான் கடைக்குப் போயிருந்தேன், பாணும் சமன் மீன்டின்னும் வாங்க. வந்து பார்த்தால் ஷாமினி கட்டிலில், யோகா பக்கத்தில். வாசல்படி என்ன, அறைக்குள்ளேயே. ஷாமினி அழுகிறாள். மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லையாம். என்னிடம் சொல்லப் பயந்து, வேலிக்கு மேலால் இவளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பயப்படாதீங்க அக்கா. இடப்பக்கம் சரிஞ்சி படுங்க. எண்டயும் இப்பிடித்தான் ஒருநாள் கிடந்திச்சி."

கிளாசில் ஏதோ கலந்து குடிக்கக் கொடுக்கிறாள். நான் பறித்தேன். பறிக்குமுன் பாதி குடித்தாயிற்று.

"என்ன இது?"

"சீனித் தண்ணி மாமி. குளிர்ந்த தண்ணியில."

மிச்சத்தை நான் குடித்துப் பார்த்தேன். சீனித் தண்ணீர்தான். நான் கொடுத்த சீனி.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடினது என்ன என்பதை எழுத வெட்கம். எறிந்தபோது திரும்பிப் பார்த்தேனா? சங்கீதத்தில் பிழைவிட்டதாலா? இன்னொன்று எங்காவது புதைத்திருக்கிறாளா? கர்த்தரே இந்தப் பிள்ளையை மட்டும் எடுக்காதேயும், என்னை எடும் என்று நிலத்தில் முழந்தாளிட்டேன். யோகாவும் பக்கத்தில் நின்றாள், ஷாமினியின் காலைப் பிடித்தபடி.

"ஆ!" என்றாள் ஷாமினி. உதைத்துவிட்டது. பிறகும் ஒருக்கால். யோகா கைதட்டிச் சிரிக்கிறாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஆனாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத் துடிப்பு நல்லம் என்றார்கள். கட்டாரில் இருக்கிற மருமகனுக்கு மெசேஜ் போட்டேன், எல்லாம் சுகம் என்று மட்டும்.

மாதர் சங்கத்துக்குப் போகவில்லை.

சூனியம் வைத்தவள் ஏன் வந்து காலைப் பிடித்தாள்? சந்தேகம் வராமல் இருக்கத்தான் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் வாயை அடைக்க எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

பத்து மணிபோல யோகா வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஷாமினி தூக்கம்.

"மாமி, நாங்க வாழைச்சேனைக்குப் போறம். இவருக்கு அங்க மீன்பிடிப் போட்டில வேல கிடைச்சிரிக்கி. நாளைக்கே வரட்டாம்."

நல்லது என்றேன். உள்ளே ஒரு பாரம் இறங்கினது.

"ஒண்டு சொல்லணும் மாமி. ஏசக் கூடா. உங்கட பலா மரத்தடியில எண்ட புள்ளைட தொப்புள்கொடிய வெச்சிரிக்கன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன?"

"காய்ஞ்சி விழுந்திச்சி. பேணிக்குள்ள போட்டு வெச்சிருந்தன். பால் மரத்தடியிலதானே புதைக்கணும். எங்கட வீட்டில முழுக்கச் சீமெந்து. அக்காக்கிட்ட கேட்டன், வையுங்க எண்டா. உங்ககிட்டச் சொன்னா ஏசுவீங்க எண்டும் சொன்னா." சிரித்தாள். "எண்ட அம்மாட வீடு தங்கச்சிக்குப் போயிற்று மாமி. நான் இவரோட வந்ததால எனக்கு இல்ல. எண்ட புள்ளைக்கு எண்டு ஒரு கைப்பிடி மண்ணும் இல்ல. எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டா, இந்த ஊர் எண்டு சொல்லட்டும். வருசத்துக்கு ஒருக்காக் கூட்டி வந்து மரத்தக் காட்டுறன்."

"ஏன் புள்ள எங்கட வளவில?"

"நீங்க ஒருத்தர்தான் மாமி, ஒருநாளும் இல்ல எண்டு சொல்லல்ல."

சும்மா இருந்திருக்கலாம். நாளைக்குப் போகிறவள். ஓம் மகள், கூட்டி வா என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் வருசத்துக்கு ஒருக்கால் வந்து, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து, ஒன்றும் இல்லாத மண்ணைக் காட்டுவாள். நான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும்.

"அது அங்க இல்ல புள்ள."

"என்ன மாமி?"

"நான் கிண்டி எடுத்து வாவிக்குள்ள எறிஞ்சிட்டன். சூனியம் எண்டு நினைச்சிட்டன்."

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் வெச்ச சூனியம் எண்டா?"

"ஓம்."

"அப்ப, சிரிச்சிச் சிரிச்சி அரிசி தந்ததெல்லாம்?"

லெந்து, போதகர், தெரிந்தெடுத்த ஆள், இதையெல்லாம் ஒருவரிடம் வாயால் சொல்ல முடியுமா?

"என்ன மனிசர் மாமி நீங்க." சத்தம் போடவில்லை. எழும்பிப் போனாள். படலை வரை போனவள் திரும்பி வந்தாள். மண் அள்ளித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என் மகளின் அறை வாசலை மறித்துத்தான் நின்றேன்.

கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்காக்குச் சொல்லாதீங்க. வயித்துப் புள்ளைக்காரி, மனசு விட்டிரும். அங்கயே கிடக்கு எண்டு நினைச்சிட்டு இரிக்கட்டும்."

போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டேன். அழுதேன். சத்தம் வராமல், ஷாமினி எழும்பும் வரை.

மார்ச் 26, புதன்

வெயில். காற்று இல்லை.

நேற்று லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் சாமான் ஏற்றிப் போனார்கள். பாய், அடுப்பு, பேணி. யோகா வேலிக்கு மேலால் ஷாமினியிடம் சொல்லிக்கொண்டு போனாள். நான் குசினிக்குள். எட்டிப் பார்க்க முகம் இல்லை.

டெய்சி அக்கா போன். இந்த வெள்ளி நான் திரும்பவும் சாட்சி சொல்ல வேண்டுமாம், போன தடவை சொன்னது எல்லோருக்கும் நல்லாப் பிடித்துவிட்டதாம். அவளுடைய பஸ் மனுசன் இப்போது வேறு பஸ்ஸில் போகிறானாம். சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பின்னேரம் ஷாமினி பக்கத்தில் வந்திருந்தாள்.

"அம்மா, ஏசாதீங்க. ஒண்டு சொல்லணும்."

சொன்னாள். எனக்கு ஏற்கனவே தெரிந்ததை எல்லாம், காது சிவக்காமல். நான் இப்போதுதான் கேட்கிறவள் மாதிரி இருந்தேன்.

"போகக்குள்ளயும் சொல்லிட்டுப் போனா அம்மா, வெயில் காலம், மரத்துக்குத் தண்ணி காட்டுங்க எண்டு. பாவம், அழுதிட்டா. எண்ட புள்ளைடதையும் அதுக்குப் பக்கத்திலயே வெக்கப் போறன். ரெண்டும் ஒண்டா இரிக்கட்டும்."

வாளியைத் தூக்கப் போனாள். வேண்டாம் என்று பறித்தேன். பாரம் தூக்கக் கூடாது அவள். நான்தான் அள்ளிக்கொண்டு போனேன். அவள் பின்னால் வந்து, வயிற்றில் கை வைத்தபடி நின்று காட்டினாள்.

"அவடத்தில இல்ல அம்மா, இஞ்சால. அந்தக் கல்லுக்குக் கிட்ட."

ஊற்றினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். இன்னொரு வாளி அள்ளப் போனேன்.